மெய்யியல் ஒரு வேலை: விற்கன்ஸ்ரைன் அதை எப்படிப் பார்த்தார்

உயர்தரத்தில் அளவையியலும் விஞ்ஞான முறையும் படித்துவிட்டு மெய்யியலுக்கு வருபவர்கள், கொப்பியின் முதற்பக்கத்தில் ஒரு பட்டியலை எழுதத் தயாராக வருகிறார்கள். பிளேட்டோ இதைச் சொன்னார், டேக்கார்ட் இதைச் சொன்னார், கான்ற் இருவரையும் கடந்து போனார் என்ற மாதிரி. சைவசித்தாந்தம் காதில் விழுந்து வளர்ந்தவருக்கு இந்த எதிர்பார்ப்பு இன்னும் இயல்பு. பதி (இறைவன்), பசு (உயிர்), பாசம் (உயிரைக் கட்டும் தளை) என்று மூன்று பொருள், முப்பத்தாறு தத்துவம். எல்லாம் எண்ணிச் சொல்லலாம், மனப்பாடம் செய்யலாம், மறுப்பவரோடு வாதாடலாம்.

லுட்விக் விற்கன்ஸ்ரைனை (1889–1951) இந்தப் பட்டியலில் சேர்க்கப் போனால் கை தடுமாறும். அவருடைய பெயருக்கு நேரே என்ன கொள்கை எழுதுவது? மெய்யியலில் கொள்கை முன்வைக்கவே கூடாது என்பதுதான் அவர் கடைசிவரை விடாமல் சொன்னது. மெய்யியல் செய்து முடித்தபின் உங்கள் கையில் புதிய தகவல் ஒன்றும் இருக்காது. இருந்த ஒரு குழப்பம் போயிருக்கும். அவ்வளவுதான் கூலி.

இது அடக்கத்துக்காகச் சொன்ன பேச்சு என்று நினைத்துவிட வேண்டாம். அவர் அடக்கமான மனிதரும் அல்ல.

வியன்னாவின் பெரும் பணக்காரக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். பெர்லினில் பொறியியல் படித்து, 1908இல் விமானவியல் ஆய்வுக்காக மன்செஸ்ரருக்குப் போனார். அங்கே கணிதத்தின் அடிப்படை பற்றிய கேள்விகள் பிடித்துக்கொள்ள, 1911இல் தர்க்கவியலாளர் பேட்ரண்ட் ரசலைத் தேடிக் கேம்பிறிட்ஜுக்கு வந்தார். முதலாம் உலகப் போரில் ஆஸ்திரியப் படையில் இருந்தபடியே எழுதிய சிறு நூல்தான் ட்ராக்டேற்றஸ். 1921இல் வெளிவந்தது. இரண்டாவது பெரிய நூலான 'மெய்யியல் ஆய்வுகள்' அவர் இறந்தபின் 1953இல் வந்தது. இரண்டுக்கும் இடையில் அவருடைய எண்ணம் நிறைய மாறியது. மெய்யியல் எப்படிப்பட்ட வேலை என்ற ஒரு விடயத்தில் மட்டும் பாதி மாறியது, பாதி மாறவில்லை. அந்தப் பாதியைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் மற்றது இலகு.

ட்ராக்டேற்றஸில் ஒவ்வொரு கூற்றுக்கும் இலக்கம் உண்டு. 4.112 என்ற இடத்தில் அவர் சொல்வதன் சாரம் இது: மெய்யியலின் நோக்கம் எண்ணங்களைத் தர்க்கரீதியாகத் தெளிவாக்குவது, அது ஒரு போதனைத் தொகுதி அல்ல, ஒரு செயற்பாடு. அதற்குச் சற்று முன்னால், 4.111இல், மெய்யியல் இயற்கை விஞ்ஞானங்களில் ஒன்றல்ல என்கிறார். அவற்றுக்கு மேலேயோ கீழேயோ இருக்கலாம், பக்கத்தில் இருக்க முடியாதாம்.

அந்தக் காலத்து விற்கன்ஸ்ரைனுக்கு இதற்கு ஒரு காரணம் இருந்தது. அர்த்தமுள்ள வாக்கியம் என்றால் உலகில் இருக்கக்கூடிய ஒரு நிலைமையைச் சித்திரிக்க வேண்டும். யாழ்ப்பாணத்துக் கிணறு ஒன்றின் தண்ணீரில் நைத்திரேற்று எவ்வளவு, அது லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற உலக சுகாதார நிறுவனத்தின் எல்லையைத் தாண்டியிருக்கிறதா என்று கேட்டால், மாதிரி எடுத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்பலாம். விடை ஆமாம் அல்லது இல்லை. உலகைப் பற்றிச் சொல்லக்கூடியது எல்லாம் இந்த வகையில் அடங்கிவிட்டால், அதைச் சொல்வது விஞ்ஞானத்தின் பாடு. மெய்யியலுக்கென்று தனியாகச் சொல்ல ஒரு வாக்கியமும் மிஞ்சாது. ஆகவே சரியான முறை, யாராவது அப்பாலைத் தத்துவமாக, அதாவது அனுபவத்துக்கு அப்பாற்பட்டதைப் பற்றி, எதையாவது சொல்ல வரும்போது, அவர் தன் வாக்கியத்தின் எந்தச் சொல்லுக்கு அர்த்தம் கொடுக்காமல் விட்டிருக்கிறார் என்று காட்டுவது (6.53). கேட்பவருக்கு இது திருப்தி தராது, நாம் அவருக்கு மெய்யியல் கற்பிப்பதாகவே அவர் உணரமாட்டார் என்பதையும் விற்கன்ஸ்ரைனே அங்கு எழுதியிருக்கிறார்.

அப்படியானால் ட்ராக்டேற்றஸில் உள்ள வாக்கியங்களின் கதி? அவையும் அர்த்தமற்றவையே, ஏறி முடித்தபின் எறிந்துவிட வேண்டிய ஏணி என்று 6.54இல் சொல்லிவிடுகிறார். துணிச்சலான முடிவு. உண்மையிலேயே எறிய முடியுமா என்பதில் அறிஞர்கள் இன்றுவரை முரண்படுகிறார்கள். தொடக்கத்தில் இதற்குள் இறங்க வேண்டாம்.

மெய்யியலின் பிரச்சினைகளைச் சாராம்சத்தில் தீர்த்துவிட்டதாக நம்பிய மனிதர் மெய்யியலை விட்டுப் போனது நியாயமே. 1920 முதல் 1926 வரை ஆஸ்திரியக் கிராமங்களில் சிறு பிள்ளைகளுக்குப் படிப்பித்தார். 1929இல் கேம்பிறிட்ஜுக்குத் திரும்பினார். திரும்பி வந்தவர் தன் முதல் நூலையே சோதிக்கத் தொடங்கினார். மொழிக்குப் பளிங்கு போன்ற ஒரு தூய தர்க்க வடிவம் அடியில் இருந்தே ஆகவேண்டும் என்று நம்பியிருந்தேனே, அது நான் கண்டுபிடித்ததா, நானே விதித்த நிபந்தனையா? 'மெய்யியல் ஆய்வுகள்' 107ஆம் பத்தி இதற்கு நேரடியாக விடை சொல்கிறது: அது விதித்த நிபந்தனைதான்.

மெய்யியல் ஒரு செயற்பாடு, அதன் பயன் தெளிவு, அது விஞ்ஞானத்தின் தம்பி அல்ல என்ற பாதி மாறவில்லை. தெளிவு எங்கே கிடைக்கும் என்பது மாறியது. முன்பு அது மொழியின் அடியில் ஒளிந்திருந்தது, பகுப்பாய்வு செய்து தோண்டி எடுக்க வேண்டும். இப்போது எல்லாம் கண்முன்னே கிடக்கிறது (126). நாம் அன்றாடம் செய்வதாலேயே அதைக் கவனிப்பதில்லை. முன்பு ஒரே முறை, இப்போது பல முறைகள். வெவ்வேறு சிகிச்சைகள் மாதிரி என்கிறார் 133ஆம் பத்தியில்.

ஒரு கேள்வி எப்படி மெய்யியற் கேள்வியாக மாறுகிறது என்பதற்கு அவர் எடுத்த உதாரணங்களில் நேரம் பற்றியது மிக நல்லது. 89ஆம் பத்தியில் கிறிஸ்தவச் சிந்தனையாளர் அகுஸ்தீனாரை மேற்கோள் காட்டுகிறார்: நேரம் என்றால் என்ன? யாரும் கேட்காதபோது எனக்குத் தெரியும். கேட்பவருக்கு விளக்கப் போனால் தெரியவில்லை. இங்கே கவனிக்க வேண்டிய அடையாளம் ஒன்று உண்டு. நைத்திரேற்று பற்றிய கேள்விக்கு விடை தெரியாதென்றால் அது எப்போதும் தெரியாது, யாராவது கேட்டாலும் கேட்காவிட்டாலும். நேரம் பற்றியது அப்படியல்ல. கொழும்பு கோட்டையிலிருந்து யாழ்தேவி எத்தனை மணித்தியாலத்தில் வரும், பூசைக்கு இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது என்றெல்லாம் தடுமாறாமல் பேசுகிற அதே ஆள்தான் நேரம் என்றால் என்ன என்றதும் வாயடைத்து நிற்கிறார். புதிய தகவல் எதைக் கொடுத்தாலும் இந்த வாயடைப்பு தீராது. தகவல் குறையவில்லை, கையில் இருப்பது ஒழுங்கில்லாமல் கிடக்கிறது. வழி தெரியவில்லை என்பதே மெய்யியற் பிரச்சினையின் வடிவம் என்று 123ஆம் பத்தி சொல்வது இந்த நிலையைத்தான்.

புதிர் முற்றுவதைப் பாருங்கள். போனது போய்விட்டது, இப்போது இல்லை. வரவேண்டியது இன்னும் வரவில்லை. இருப்பது இந்தக் கணம் மட்டும், அதற்கு நீளமில்லை. அப்படியென்றால் ஒரு மணித்தியாலத்தை எப்படி அளக்கிறோம்? 1933–34 கல்வியாண்டில் மாணவர்களுக்குச் சொல்லி எழுதுவித்த 'நீலப் புத்தகத்தில்' விற்கன்ஸ்ரைன் இதை அவிழ்க்கிறார். 'அளத்தல்' என்றதும் நம் மனதில் வருவது துணி அளப்பது. இரு முனையும் ஒரே நேரத்தில் கண்முன் இருக்க, அளவுகோலை அருகில் வைக்கிறோம். அந்தச் சித்திரத்தை நேரத்தின்மேல் போட்டால் ஒரு முனை எப்போதும் காணாமற்போகும், அதனால் அளக்கவே முடியாது போலத் தோன்றும். ஆனால் நேரத்தை அளப்பதாக நாம் சொல்லும் இடங்களில் உண்மையில் செய்வது என்ன? தொடங்கும்போது மணிக்கூட்டைப் பார்க்கிறோம், முடியும்போது பார்க்கிறோம், கழிக்கிறோம். ஒரே சொல், இரண்டு வேலை. ஒன்றின் விதியை மற்றதற்கு எதிர்பார்த்ததுதான் முடிச்சு. அவிழ்ந்தபின் நேரத்தின் சாராம்சம் பற்றி நமக்குக் கூடுதலாக ஒன்றும் தெரியவில்லை. கேட்க ஒன்றும் மீதியுமில்லை.

மெய்யியல் என்பது மொழியைக் கொண்டு நம் அறிவு வசியப்படுவதற்கு எதிரான போராட்டம் என்று அவர் சொல்வது (109) இதைத்தான். தமிழிலும் அந்த வசியம் வேலை செய்யும். நேரம் 'போகுது' என்கிறோம், உடனே எங்கே போகிறது என்று கேட்க நாக்குத் துடிக்கிறது.

இனி வேலை செய்யும் முறை. அவர் இதைப் படிமுறையாக எங்கும் எழுதவில்லை. அவர் செய்துகாட்டியதிலிருந்து ஒரு தொடக்கக்காரர் பழகக்கூடிய ஒழுங்கை எடுக்கலாம். யாழ்ப்பாணத்திலேயே ஒரு கேள்வியை எடுப்போம். பொது நூலகத்தின் கட்டடம் 1959இல் திறக்கப்பட்டது. 1981இல் மே முடிந்து யூன் பிறக்கும் இரவில் எரிக்கப்பட்டது. சுமார் 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. பிறகு திருத்திக் கட்டி, 2000களின் தொடக்கத்தில் மீண்டும் திறந்தார்கள். இன்று நிற்பது அதே நூலகமா?

முதலில் கேள்வியை எப்படி மனதில் வந்ததோ அப்படியே எழுதுங்கள், அழகுபடுத்தாமல். அதற்குக் கீழே, உங்களைக் கேட்கத் தூண்டும் வாக்கியத்தையும் எழுதுங்கள்: 'ஏதோ ஒன்று மாறாமல் இருந்தால்தான் அதே நூலகம் என்று சொல்லலாம்.' இந்த இரண்டாவது வாக்கியத்தில்தான் பெரும்பாலும் சூட்சுமம் இருக்கிறது. ஒரு சித்திரம் நம்மைச் சிறைப்பிடித்திருக்கும் என்பார் 115ஆம் பத்தியில். இங்கே சித்திரம் இது: பொருளுக்குள் ஒரு விதை, அது இருந்தால் 'அதே', இல்லையென்றால் 'வேறு'.

அடுத்து, 'அதே நூலகம்' என்று மனிதர் உண்மையில் சொல்லும் சந்தர்ப்பங்களைச் சேருங்கள். மூன்றுக்குக் குறைந்தால் பயனில்லை. ஒவ்வொன்றிலும் யார், யாருக்கு, எதற்காகச் சொல்கிறார், அதற்குப்பின் என்ன நடக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஓட்டோக்காரரிடம் 'லைப்ரறிக்குப் போங்கோ' என்றால் அவர் எந்த நூலகம், பழையதா புதியதா என்று கேட்பதில்லை. அதே இடம், அதே வெள்ளைக் கட்டடம், விடயம் முடிந்தது. மாநகர சபையின் நிர்வாகத்தைப் பொறுத்தவரை அதே நிறுவனம். நூற்பதிவேட்டைப் பார்ப்பவருக்கு அதே தொகுப்பு அல்ல. 1981க்கு முன் அங்கே பார்த்த ஒரு சுவடியைக் கேட்டு வருபவரிடம் இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். கட்டடக் கலை படிப்பவருக்கு எந்தச் சுவர் பழையது, எந்தப் பகுதி பிறகு கட்டியது என்ற பிரிப்பு வேண்டும்.

இப்போது அடுக்கி வைத்துப் பாருங்கள். எந்தச் சந்தர்ப்பத்திலும் பேசுபவர் தடுமாறவில்லை. ஒவ்வொருவருக்கும் 'அதே' என்பதற்கு ஒரு சோதனை இருக்கிறது, அந்தச் சோதனைக்கு விடையும் இருக்கிறது. இத்தனைக்கும் பிறகு 'அது சரி, உண்மையிலே அதே நூலகமா?' என்று ஒருவர் கேட்டால், எந்தச் சோதனையைக் கருதுகிறீர்கள் என்று திருப்பிக் கேட்கலாம். ஒன்றையும் கருதவில்லை என்றால் சொல் வேலைக்குப் போகாமல் விடுமுறையில் நிற்கிறது. மொழி விடுமுறையில் போகும்போதுதான் மெய்யியற் பிரச்சினைகள் கிளம்புகின்றன என்பது அவருடைய புகழ்பெற்ற வரிகளில் ஒன்று (38).

ஆனால் இங்கே ஒரு தவறு மிக இலகுவாக நடக்கும். 'இது அது இல்லை' என்று தாங்காமல் சொல்லும் ஒரு முதியவரைப் பார்த்து, ஐயா சொற்குழப்பத்தில் இருக்கிறீர்கள் என்று சொல்லப் போனால் நீங்கள்தான் விற்கன்ஸ்ரைனை விளங்கிக்கொள்ளவில்லை. அந்த முதியவரின் வாக்கியத்துக்கும் வேலை இருக்கிறது: இழப்பைச் சொல்வது. அதையும் சேகரித்த சந்தர்ப்பங்களில் ஒன்றாக எழுதியிருக்க வேண்டும். புதிர் அவிழ்ந்தால் துக்கம் தீரும் என்று விற்கன்ஸ்ரைன் எங்கும் சொல்லவில்லை. மெய்யியல் எல்லாவற்றையும் இருந்தபடியே விட்டுவிடுகிறது (124).

இந்த முறை தவறிப்போவதற்கு மிகப் பொதுவான காரணத்தை அவரே சொல்லியிருக்கிறார்: ஒரே வகை உதாரணத்தை மட்டும் தின்று வளர்கிற சிந்தனை, மெய்யியல் நோய்க்கு முக்கிய காரணம் (593). அவர் எடுத்த விளையாட்டு உதாரணம் இதற்கு மருந்து. எல்லா விளையாட்டுக்கும் பொதுவான ஒன்று இருக்கவேண்டும் என்று யோசிக்காதே, பார் என்கிறார் 66ஆம் பத்தியில். நம் ஊரில் பார்ப்போம். முந்நூற்றிநாலு என்ற சீட்டாட்டத்தில் 32 சீட்டு, கட்சி உண்டு, புள்ளி உண்டு. கிளித்தட்டிலும் கட்சி உண்டு, ஆனால் சீட்டு இல்லை, ஓட்டம் உண்டு. கொக்கான் வெட்டுவதில் ஓட்டம் இல்லை, கட்சி இல்லாமலும் ஆடலாம், கைத்திறன் வேண்டும். மண்சோறு காய்ச்சி விளையாடும் பிள்ளைகளுக்கு வெற்றியும் இல்லை தோல்வியும் இல்லை. ஒன்றோடொன்று ஒட்டும் சாயல்கள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. எல்லாவற்றையும் கோக்கும் ஒற்றை நூல் இல்லை. ஒரு குடும்பத்தில் ஒருவருக்கு மூக்கும் இன்னொருவருக்கு நடையும் ஒத்திருப்பது போன்ற இதைக் குடும்பச் சாயல் என்று பெயரிட்டார். பொது வரைவிலக்கணம் இல்லாததால் யாரும் விளையாடாமல் நிற்கவில்லை என்பதையும் கவனியுங்கள்.

பரீட்சை விடைத்தாள்களில் வரும் இன்னொரு பிழை, 'சொல்லின் அர்த்தம் அதன் பயன்பாடு என்பது விற்கன்ஸ்ரைனின் கொள்கை' என்ற வரி. 43ஆம் பத்தியைத் திறந்தால், அர்த்தம் என்ற சொல்லை நாம் பயன்படுத்தும் சந்தர்ப்பங்களில் பெரும் பகுதிக்கு, எல்லாவற்றுக்கும் அல்ல, இப்படி விளக்கலாம் என்றுதான் இருக்கிறது. கொள்கை வேண்டாம் என்றவர் தலையில் கொள்கையைக் கட்டுவது சரியல்ல. அது அடுத்த சொல்லைச் சோதிக்க உதவும் ஒரு நினைவூட்டல். மெய்யியலாளரின் வேலையே குறித்த ஒரு தேவைக்காக நினைவூட்டல்களைச் சேர்ப்பதுதான் (127).

சாதாரணப் பேச்சு எப்போதும் சரி என்றும் அவர் சொல்லவில்லை. விஞ்ஞானி புதுச்சொல் ஆக்கலாம், பழைய சொல்லுக்குப் புது வேலை கொடுக்கலாம். வேலை இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

இதை எல்லோரும் ஏற்றார்கள் என்றில்லை. ரசல் 1959இல் எழுதிய தன் சிந்தனை வரலாற்றில் பிந்திய விற்கன்ஸ்ரைனை மிகக் கடுமையாகத் தள்ளினார். இப்படியான மெய்யியல் மிஞ்சிப்போனால் அகராதி தொகுப்பவருக்குச் சிறு உதவி, இல்லையென்றால் தேநீர் நேரத்துப் பொழுதுபோக்கு என்பது அவர் கருத்து. விஞ்ஞான மெய்யியலாளர் கார்ல் பொப்பர் 1946 ஒக்ரோபர் 25 அன்று கேம்பிறிட்ஜ் கூட்டமொன்றில், விற்கன்ஸ்ரைன் இருக்கும்போதே, மெய்யியற் பிரச்சினைகள் இருக்கின்றனவா என்ற தலைப்பில் பேசி, இருக்கின்றன, வெறும் சொற்புதிர்கள் மட்டுமல்ல என்று வாதிட்டார். அன்று வாதத்தின் நடுவில் விற்கன்ஸ்ரைன் கையில் எடுத்து ஆட்டியதாகச் சொல்லப்படும் நெருப்புக் கிளறும் கம்பியைப் பற்றித்தான் ஊர் பேசுகிறது. கேள்வி அதைவிடச் சுவையானது. பொப்பருக்கு ஒரு பலமான பிடி உண்டு: அணு என்பது முதலில் மெய்யியல் ஊகம், பிறகு விஞ்ஞானம். சில மெய்யியற் கேள்விகள் அவிழவில்லை, வளர்ந்தன. விற்கன்ஸ்ரைனின் விவரிப்பு மெய்யியலின் ஒரு பெரும் பகுதிக்கு மிகப் பொருந்தும், முழுவதுக்கும் பொருந்துமா என்பது ஐயமே. அவரே எச்சரித்த ஒற்றை உதாரண உணவு இங்கே அவரையும் கொஞ்சம் பிடித்திருக்கிறது எனலாம்.

சைவசித்தாந்தத்தை இந்தக் கத்தரியால் வெட்டிவிடலாம் என்று சில மாணவர் உற்சாகப்படுவதுண்டு. அவசரப்பட வேண்டாம். இயலக்கூடிய எல்லா விஞ்ஞானக் கேள்விகளுக்கும் விடை கிடைத்தாலும் வாழ்க்கையின் பிரச்சினைகளைத் தொட்டிருக்கவே மாட்டோம் என்று ட்ராக்டேற்றஸ் 6.52இலேயே எழுதியவர் அவர். பின்னாளைய முறைப்படி போனாலும், பாசம் என்ற சொல் தீக்கையில், தேவாரத்தில், வீட்டு மரணச் சடங்கில் என்ன வேலை செய்கிறது என்று பார்ப்பதுதான் முதற்படி. அதைப் பார்க்காமல் அர்த்தமற்றது என்று தீர்ப்பு எழுதுவது 1921இன் பழக்கம்.

படிக்கத் தொடங்குபவர் ட்ராக்டேற்றஸை முதலில் எடுக்காமல் விடுவது நல்லது. 'நீலப் புத்தகத்தின்' முதல் இருபது பக்கம் வாசியுங்கள். பிறகு 'மெய்யியல் ஆய்வுகள்' நூலில் 65 முதல் 71 வரை, அதன்பின் 89 முதல் 133 வரை. மெய்யியல் பற்றி அவர் நேரடியாகப் பேசும் பகுதி இந்தக் கடைசி நாற்பத்தைந்து பத்திகள்தான். ஒரு நாளைக்கு நான்கைந்து பத்திக்கு மேல் ஓடாது. வாசிக்கும்போது ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் பென்சிலால் குறியுங்கள், பேசுவது விற்கன்ஸ்ரைனா, அவரோடு வாதாட அவரே கொண்டுவந்து நிறுத்திய எதிராளியா என்று. இரண்டு குரலையும் ஒன்றாக எடுத்துக்கொண்டு, எதிராளியின் வாயில் வந்ததை விற்கன்ஸ்ரைனின் கருத்தாக எழுதிவிடுவது மிக எளிது. பல வரிகள் மேற்கோள் குறிக்குள் இருக்கும், சிலவற்றில் ஒரு கோடு மட்டுமே குரல் மாறியதைச் சொல்லும்.